ஆளில்லாத ஸ்டேஷன்

அன்று காலையில் தூசி தட்டப் போனபோது லயத்துக் கதவுகள் எல்லாம் உயர்ந்திருந்தன. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் நிஜ லயம் இல்லை. பிலிமத்தலாவையில் நான் கூட்டித் துடைக்கிற விடுதியின் மண்டபத்தில், பெரிய மேசைமேல் ஜவாஹிர் நானா அட்டையில் கட்டிய லயம். நான் செய்து நிறுத்திய பொம்மை ஆட்களின் தலை அதுவரை கதவு நிலைக்கு மேலே நின்றது. அளவு தெரியாமல் உயரமாகச் செய்துவிட்டேன். எல்லாரையும் பிடுங்கி மறுபடி செய்ய வேண்டுமே என்ற மலைப்போடுதான் முதல் நாள் வீட்டுக்குப் போயிருந்தேன்.

ஆட்களைக் குட்டையாக்கு என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதவுகளை அறுத்தெடுத்து, உயரமாக வெட்டி ஒட்டி, சாயமும் பூசிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ரயில் பெட்டியின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். இவர் அக்குறணைக்காரர். கட்டுகஸ்தோட்டையில் ஒரு கராஜில் லொறிகளுக்குச் சாயம் அடித்து அடித்து நெஞ்சு கெட்டுப்போய் வீட்டோடு இருந்தவர். எங்கள் முதலாளி இராமகிருஷ்ணனுக்கு ஓர் ஆசை வந்தது. விடுதிக்கு வருகிறவர்கள் பார்க்க, நம் மலைநாட்டு ரயில் மேசைமேல் ஓட வேண்டும். மகன் வெளிநாட்டிலிருந்து சின்ன எஞ்சினும் பெட்டிகளும் அனுப்பியிருந்தான். ஊர் கட்ட ஆள் தேடியபோது யாரோ நானாவைக் கை காட்டினார்கள்.

"இதுதான் நான் செய்ற கடைசி வேல தங்கச்சி," என்று வந்த அன்றே என்னிடம் சொன்னார். "இது ஓடுறதக் கண்ணால பாத்துட்டா போதும்."

இரண்டு பஸ் மாறி வருவார். வந்ததும் கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். எனக்கும் முழங்கால் வலி. அவர் மூச்சு அடங்கும்வரை நானும் துடைப்பத்தைச் சாத்திவிட்டு உட்காருவேன். அது எங்கள் இரண்டு பேருக்கும் ஓய்வு.

பால்மா பக்கெட்டின் வெள்ளித்தாளைச் சீப்பின் மேல் வைத்து நகத்தால் தேய்ப்பார். வரி வரியாகத் தகரக் கூரை வந்துவிடும். செங்கல்லை இடித்துச் சலித்துத் தடவினால் துரு. வெளிநாட்டுப் பெட்டிகளின் மினுக்குச் சாயத்தைச் சுரண்டி, நம்ம ரயிலின் பழுப்புச் சிவப்பைப் பூசினார். வளைவில் பெட்டிகள் கவிழ்ந்தபோது, டயர் கடையில் சக்கரத்தில் அடிக்கிற ஈயத்துண்டுகளை வாங்கி வந்து ஆசனங்களுக்கு அடியில் ஒட்டினார்.

"வெறும் வயித்தோட ஓடினா யாரும் விழுவாங்கதானே," என்றார்.

பள்ளிவாசல் கட்டினார், கடைகள் கட்டினார். கோயில் கட்டுமுன் என்னிடம் வந்து, "வாசல் எந்தப் பக்கம் பாக்கணும் மூக்காயி? பிழையா வெச்சா பாவம்," என்று கேட்டார். கிழக்கு என்றேன். அந்த முருகன் கோயிலுக்காகப் பாதி மலையைத் திருப்பி வைத்தார்.

எல்லாம் இருந்தது. ஆள்தான் இல்லை. லயத்து வாசலில் செருப்பு கிடந்தது. கொடியில் துணி காய்ந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு குடை சாய்ந்திருந்தது. "இப்பத்தான் எழும்பிப் போனாங்க" என்பார் நானா, யார் கேட்டாலும்.

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. "என்னா நானா, ஊரடங்குச் சட்டம் போட்ட மாதிரி இருக்கு. ஆளுங்க எங்க?"

"உருவம் நான் செய்ய மாட்டேன் முதலாளி. நாளைக்கு மறுமையில, செஞ்சியே, இப்ப உயிரக் குடு எண்டு அல்லாஹ் கேட்டா, நான் எங்க போற? எனக்கே மூச்சு காணாது."

முதலாளி சிரித்தார். ஆனாலும் விடவில்லை. "சித்திர வருசத்துக்குள்ள மேடையில ஆளு நிக்கணும். இல்லாட்டி கொழும்பில இருந்து வேற ஒருத்தர வரவெச்சு, அவரு கையால முடிச்சுக்கிறேன். கோவிச்சுக்காதீங்க."

அவர் போன பிறகு நானா எஞ்சினைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது இன்னும் முழுச் சுற்று ஓடியிருக்கவில்லை. இந்த மனிதர் தன் ரயில் ஓடுவதைப் பார்க்காமலே அக்குறணை பஸ் ஏறிவிடுவாரோ என்று நினைத்துக்கொண்டே கிட்டப் போனேன்.

"ஆளுங்கள நான் செய்யட்டா நானா? எங்க சாமிக்கு உருவம் இருக்கு. எனக்குக் குத்தமில்ல."

அவர் எஞ்சினை மெதுவாகத் தண்டவாளத்தில் வைத்தார். "நீங்க செஞ்சா அது ஒங்கட வேல. நான் முகத்தத் திருப்ப மாட்டேன். ஆனா ஒட்டுறதுக்குப் பச தாங்க எண்டு மட்டும் என்னக் கேக்காதீங்க."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அளவுகோல் பிடித்துப் பழக்கமில்லை. முருகனைக் கும்பிட்டுவிட்டு, தீக்குச்சியை ஒடித்து, களிமண்ணில் தலை வைத்து, தையல் நூலைச் சேலையாகவும் சாரமாகவும் சுற்றினேன். அவர் நடுப்பகல் லுஹர் தொழப் போன நேரத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். பசைப் போத்தல் மேசை ஓரத்தில் மூடி திறந்து கிடந்தது. எப்போதும் இறுக மூடி வைக்கிறவர் அவர். அன்றுதான் தலைகள் கதவை முட்டின. மறுநாள்தான் கதவுகள் உயர்ந்தன.

அந்தக் கதவுகளுக்கு ஏதாவது கைம்மாறு செய்ய வேண்டும் என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியாக ஓர் ஆளைச் செய்தேன். வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட சாரம், இருமும்போது அவர் வைப்பது போல நெஞ்சில் ஒரு கை. ஸ்டேஷன் பெஞ்சில் குடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். யாருக்கு எதைக் கொடுக்கிறோம் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

ரயில் ஓட்டிய அன்று விருந்தாளிகள் சுற்றி நின்றார்கள். வளைவில் எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். பெட்டி ஒன்றும் கவிழவில்லை. கோயிலைத் தாண்டி, லயத்தைத் தாண்டி வந்து மேடையில் நின்றது. நானா கதிரையை விட்டு எழும்பவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்," என்று மட்டும் சொன்னார். அந்தக் களைத்த முகத்தில் கண் மட்டும் பளிச்சென்றிருந்தது.

அப்போதுதான் முதலாளி குனிந்து பார்த்தார். "அட, பெஞ்சில நம்ம நானா. மூக்காயி, நீ பெரிய ஆளுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். கைபேசியில் படம் எடுத்தார்கள். நானா அந்த உருவத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவருடைய உருவத்தையே செய்துவிட்டேன் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது.

அதுதான் அவரை நான் கடைசியாகப் பார்த்த நாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே மவுத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். கண்டிக்கு வந்த அவருடைய உறவுக்காரப் பெண் றமீஸா இங்கேயும் வந்து சொல்லித்தான் தெரியும். இன்றைக்கும் மேசையைத் துடைப்பவள் நான்தான். பெஞ்சில் இப்போது குடை மட்டும் இருக்கிறது. அங்கே இருந்த ஆள் எங்கே என்று முதலாளி கேட்டால், தெரியாது என்பேன். கடைசிப் பெட்டியில் ஓர் ஆசனம் இருக்கிறது. அதன் ஜன்னலை அவரே மங்கலாகச் சாயம் பூசியிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ரயில் ஓடிய அன்று, கேட்வரை அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் வருகிற வழியைப் பார்த்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"கோவமா நானா? யோசிக்காம செஞ்சிட்டேன்."

"கோவம் என்ன," என்றார். பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "மத்த ஆக்கள் அங்கேயே இரிக்கட்டும் தங்கச்சி. என்னய மட்டும் ரயில்ல ஏத்தி அனுப்பிடுங்க."