டப் என்று ஒரு சத்தம்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போனபோது, மருத்துவமனையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துத் தினமும் பிசையச் சொன்னார்கள். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினார். கிள்ளான் துறைமுகத்தில் பெரிய லோரி ஓட்டிய மனுஷன், குழந்தை விளையாடுகிற பந்தைப் பிசைய மாட்டாராம். விடாமல் வேலை கொடுத்தால் கை திரும்ப வரும், சும்மா விட்டால் வராது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதையே நான் காலையும் மாலையும் அவர் காதில் ஓதினேன். அவரோ வலது கையை மடியில் போட்டு, அதன்மேல் இடது கையை வைத்து மூடிக்கொண்டு டிவி பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு நுழைந்தோம். இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பாதியிலேயே எழுந்துவிட்டார். வெளியே வந்தால், பக்கத்துக் கடையின் மாடிப்படி ஓரத்தில் ஓர் அட்டை தொங்கியது. களிமண் வகுப்பு. கையாலேயே சட்டி செய்து, குழி தோண்டிச் சுடலாம், சக்கரம் எதுவும் தேவையில்லை என்று எழுதியிருந்தது. பந்தைத்தானே பிசைய மாட்டீர்கள், மண்ணைப் பிசைகிறீர்களா இல்லையா பார்க்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அவரை மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

வகுப்பு நடத்தியவள் எங்கள் மகள் வயதுகூட இருக்க மாட்டாள். அவர் மடியில் கிடந்த கையை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒரு கை போதும் அங்கிள். மண்ண பலகையோட ஒட்டிக் குடுத்துடறேன், ஓடாது லா" என்றாள்.

அவர் உட்கார்ந்துவிட்டார். ஒரு கை போதும் என்று சொன்னது அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. எனக்குத்தான் பிடிக்கவில்லை. இடது கையே எல்லாவற்றையும் செய்துவிட்டால் நான் எதற்கு இவரை இங்கே கூட்டி வந்தேன்?

மண் உருண்டையின் நடுவில் கட்டை விரலை இறக்கி, உள்ளே கட்டை விரலும் வெளியே மற்ற விரல்களுமாகக் கிள்ளிக் கிள்ளிச் சுவரை உயர்த்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. தொட்டவுடன் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் ஆயுசில் பாதியைக் கழித்தவள் நான். ஒரு சுருக்கம், ஒரு புள்ளி இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. என் சட்டியில் ஒரு மேடு பள்ளம் விடவில்லை. காயக் காய வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கினேன். பிறகு அவருடையதை எட்டிப் பார்த்து, "கோணலா இருக்கே" என்றேன்.

அன்றோடு சரி. தன் மண்ணை வீட்டுக்கு எடுத்து வந்து, பின்னால் துணி துவைக்கும் இடத்தில் தனியாக உட்கார்ந்து செய்ய ஆரம்பித்தார். நான் அந்தப் பக்கம் தலையைக் காட்டினால் போதும், ஈரத் துணியைப் போட்டு மூடிவிடுவார்.

"ஏங்க, நான் பாக்கக் கூடாதா?"

"நீ பாத்தா ரிஜெக்ட்டுன்னு சொல்லுவ. சுட்டப்புறம் பாரு."

நான் விட்டுவிட்டேன். டிவி முன்னால் உட்காராமல் எதையாவது செய்கிறாரே, அதுவே பெரிது.

சுடுகிற நாள் வந்தபோது பார்த்து, எங்கோ காடு எரிகிற புகைமூட்டம் வந்து தொலைத்தது. எதிர்வீட்டுக் கூரைகூட மங்கலாகத் தெரிந்தது. திறந்த வெளியில் எதையும் கொளுத்தக் கூடாது என்று கெடுபிடி. செமினியில் டீச்சரின் சித்தப்பாவுக்கு ஒரு பழத்தோட்டம் இருந்தது, குழி அங்கேதான். ஒவ்வொரு வாரமும் போன் பண்ணி, "அடுத்த வாரம் பாக்கலாம் ஆன்டி" என்பாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருக்கும்தான். காலையில் எழுந்ததும் ஜன்னல் திரையை விலக்கி வானத்தைப் பார்ப்பார். நோய் வந்தபிறகு அவர் ஒன்றுக்காகக் காத்திருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காத்திருந்த நாட்களில் நான் எரிக்கச் சாமான் சேர்த்தேன். சாப்பாட்டுக் கடையில் நறுக்கி ஒதுக்கிய வாழையிலைத் துண்டுகளைக் கேட்டதும் கடைக்கார அண்ணன் ஒரு மூட்டையாகவே கட்டிக் கொடுத்துவிட்டார். அதோடு கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினேன்.

"கோயில்ல விசேஷமா ஆன்டி?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார்.

"இல்ல தம்பி, குழி தோண்டி எரிக்கப் போறோம்" என்றேன். அவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். சட்டியை என்று சொல்ல மறந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் கணவரிடம் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நல்ல மழை பெய்து வானம் வெளுத்தது, அனுமதியும் கிடைத்தது. அன்று காலையில் என் சட்டியைப் பையில் வைக்கும்போது தூசி தெரிந்தது. எனக்குத் தூசி ஆகாது. ஈரத் துணியால் உள்ளும் புறமும் அழுத்தித் துடைத்து வைத்தேன். அவர் தன்னுடையதைக் காய்ந்த வாழையிலையில் முன்னாலேயே சுற்றிக் கட்டி வைத்திருந்தார். நான் கார் ஓட்ட, பக்கத்தில் இருந்த அவர் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே செமினி வந்து சேர்ந்தார்.

குழி இடுப்பளவு ஆழம். அடியில் மரத்தூள், அதன்மேல் உப்புத் தூவி இலை சுற்றிய சட்டிகள், சுற்றிலும் தேங்காய் மட்டை, எல்லாவற்றுக்கும் மேலே விறகு. உப்புப் பட்ட இடம் ஆரஞ்சாக வரும், புகை அடைந்த இடம் கறுக்கும், எது எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள் டீச்சர். தன் சட்டியை வேறு யாரும் வைக்கக் கூடாது என்று அவர் ஒரே பிடிவாதம். குழி ஓரத்தில் மண்டியிட்டு இடது கையால் இறக்கினார். தலைகுப்புற விழுந்துவிடப் போகிறாரே என்று பின்னாலிருந்து அவருடைய பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

தீ பிடித்ததும் எனக்குச் சின்னப் பிள்ளைபோல் ஆகிவிட்டது. நெருப்பு மடமடவென்று ஏற, நான் கத்தினேன், கை தட்டினேன், கிட்டே போய்ப் புருவத்தைப் பொசுக்கிக்கொண்டேன். அப்போதுதான் குழிக்குள்ளிருந்து "டப்" என்று ஒரு சத்தம் வந்தது.

"ஒன்னு போச்சு. உள்ள ஈரம் இருந்திருக்கும்" என்றாள் டீச்சர்.

"என்னோடதுதான்" என்றார் அவர்.

"அதெப்படி உங்களுதுன்னு தெரியும்?"

"தெரியும். போனா போகட்டும். இதோட நான் விட்டுடறேன், இனிமே என்னைக் கூப்பிடாத."

வலது கையை மறுபடியும் மடியில் போட்டு மூடிக்கொண்டார். எனக்கு நெருப்பின் மேல் இருந்த ஆசையெல்லாம் போய்விட்டது. அந்தச் சட்டி உடைந்தால் அந்தக் கையும் அதோடு போயிற்று என்று எனக்குத் தெரியும். விறகு எரிந்து அடங்கியதும் தகரத்தைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்தோம். வழியில் அவர் பிரேக்கை மிதிக்கவே இல்லை.

மறுநாள் வரமாட்டேன் என்றவரை இழுத்துக்கொண்டுதான் போனேன். தகரத்தை எடுத்ததும் வெதுவெதுப்பான சாம்பல். டீச்சர் கையை விட்டுத் துழாவி முதலில் எடுத்தது ஓர் ஓட்டுத் துண்டு. பிறகு இன்னொன்று. பளபளவென்று, மேடு பள்ளமில்லாமல் இருந்தது.

"ஆன்டி, இது உங்களோடது..." என்று இழுத்தாள். "வைக்கறதுக்கு முன்னால தண்ணி ஏதும் பட்டுச்சா?"

"தூசியா இருந்துச்சுன்னு தொடச்சேன்."

"ஐயோ ஆன்டி!"

"என்னோடதா! என்னோடதாம், கேட்டீங்களா?" என்று நான் குதித்த குதியைப் பார்த்து டீச்சர் பயந்தே போனாள்.

அவருடையது குழியின் மூலையில் முழுசாக இருந்தது. ஒரு பக்கம் ஆரஞ்சு, ஒரு பக்கம் நல்ல கறுப்பு, நடுவில் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகப் புகை. நான் பார்த்த எந்தப் பொருளும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. முந்தானையால் சாம்பலைத் துடைத்துவிட்டு முதன்முறையாக உள்ளே பார்த்தேன். அடியிலிருந்து விளிம்புவரை கட்டை விரல் அழுத்திய பள்ளங்கள். கை சும்மா இருக்காதே, என் இடது கட்டை விரலை ஒரு பள்ளத்தில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே ஏற ஏற அது உட்காரவில்லை. பள்ளம் மறுபக்கம் சாய்ந்திருந்தது. வலது கட்டை விரலை வைத்தேன், உட்கார்ந்தது.

இன்னொன்றில் வைத்துப் பார்த்தேன். அதற்கடுத்ததிலும். விளிம்பைச் சுற்றி எல்லாமே வலது. ஆழமே இல்லாத, பலமில்லாத அழுத்தல்கள், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப. எத்தனை தடவை முயன்றிருப்பார்!

"எப்ப இருந்துங்க?"

"நீ காய்கறி வாங்கப் பாசாருக்குப் போறப்பல்லாம்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வரலன்னா நீ அழுவ, அதான்."

வந்ததற்கே அழுதேன், அந்தச் சாம்பலில் உட்கார்ந்து, டீச்சர் முன்னாலேயே, ஓவென்று.