ஏழாயிரம்பண்ணை வேன்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஒருவனை இலக்கியக் கூட்டத்துக்குத் தலைவராக உட்கார வைப்பார்களா? என்னை வைத்தார்கள். போன வாரம், சாயங்காலம், சிவகாசியில் ஒரு சின்ன மண்டபம். புதிதாகக் கதை எழுதும் மூன்று பேர், கடைசியாக ஒரு கவிஞர்.

நோட்டீஸ் என் அச்சகத்தில்தான் அடித்தோம். நாற்பது வருடமாக என் பிரஸ்ஸிலிருந்து ஒரு பிழைகூட வெளியே போனதில்லை. தலைமையுரையில் அதைச் சொன்னேன். தாள் கட்டு சுமந்தது, முதல் மிஷின் வாங்கியது... எல்லாம் சொன்னேன். கைதட்டினார்கள். விடுவேனா? முக்கால் மணி நேரம்!

மூன்று கதைகளும் முடிந்தபோது வாசலில் ஹாரன்.

கவிஞர் முனீஸ்வரி பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் பெண். அவளுக்கு இதுதான் முதல் மேடை. வீடு திரும்பும் கம்பெனி வேனை, கூட வேலை செய்யும் பெண்கள் அவளுக்காக இவ்வளவு நேரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாசிக்காமலே எழுந்து போனாள்.

பின்னாலேயே போய் டிரைவரிடம் பத்து நிமிடம் கேட்டேன்.

"நீங்க பேசுனதுல பத்து நிமிசத்த அந்தப் பிள்ளைக்குக் குடுத்திருக்கலாம்ல அண்ணாச்சி? இவுக போய்த்தான் வீட்டுல உலை வைக்கணும்."

என்னை எதிர்த்துப் பேச இந்த ஊரில் ஆள் உண்டா? உண்டு. நானே வேனில் ஏறிவிட்டேன். கதைக்காரர்களும் ஏறினார்கள். என் கார் பின்னால் காலியாக வந்தது.

ஊர் தாண்டியதும் இருபுறமும் காய்ந்த காடு. வானத்தில் செம்மை கொஞ்சம் மிச்சம். கம்பியைப் பிடித்தபடி முனீஸ்வரி வாசித்தாள். நோட்டைப் பார்க்கவே இல்லை.

*நான் பார்க்காத ஊரின் வானத்தில்*
*பூக்கிற வெளிச்சத்துக்கு*
*என் விரல்களைத் தெரியும்.*

எவ்வளவு தேய்த்தாலும் போகாத மருந்துப்பொடி, அத்தனை பேர் விரல்களிலும் மங்கலாக மினுங்கியது. வேன் ஓடுகிறதா, மிதக்கிறதா? ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னொருக்கச் சொல்லு தாயி."

சொன்னாள். அவ்வளவு அவசரப்பட்ட டிரைவர் வேகத்தைக் குறைத்தார்... அவர்கள் ஊரான ஏழாயிரம்பண்ணை வந்தும் யாரும் உடனே இறங்கவில்லை.

காரில் திரும்பும்போது பையிலிருந்த நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன். 'கவிதை வாசிப்பு – இடம்: மண்டபம்' என்று இருந்தது.

நாற்பது வருடத்தில் என் பிரஸ்ஸிலிருந்து வெளியே போன முதல் பிழை.