சங்கரியின் அசையாத முகம்

கல்யாணி சங்கரியை முதன்முதலில் சந்தித்தது 2022ஆம் ஆண்டு, ஐப்பசி அடைமழையில். செங்கல்பட்டில் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் உளவியலாளராக இருந்த கல்யாணி, மிதமிஞ்சிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு அப்போது ஒரு சோதனை நடத்திவந்தார். பெற்றோரின் நோய் பிள்ளைகளுக்கும் வரக்கூடும். அத்தகைய பிள்ளைகள் பிறர் முகக்குறிப்பை எப்படி உணர்கிறார்கள் என்று அறிவதற்கான சோதனை அது.

சங்கரி கல்பாக்கம் நகரியத்தில் வசித்தவர். இருமுனைக் கோளாறு வரும்வரை கணக்கு ஆசிரியை. கணவர் லட்சுமணன் அணுமின் நிலையத்தில் தொழில்நுட்பப் பணியாளர். பதினோராண்டாகச் சங்கரி மாத்திரையைத் தவறவிட்டதேயில்லை. நோய் அடங்கியது, கூடவே முகமும் அடங்கிவிட்டது. மனத்தில் எழும் சிரிப்பு உதடுவரை வந்து சேராது.

மகள் ஸ்வாதிக்குப் பதினான்கு வயது. கணினித் திரையில் தோன்றிய சிரித்த முகங்களைச் சரியாகச் சொன்னாள். அஞ்சிய முகத்துக்கும், எந்த உணர்ச்சியும் இல்லாத வெறும் முகத்துக்கும் "கோபம்" என்றே பொத்தானை அழுத்தினாள். தேநீர் கொண்டுவந்த பணியாளர் எல்லம்மாளைக் கண்டதும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"இன்னா பாப்பா, நான் இன்னா பண்ணேன்? எம் மூஞ்சி பொறந்ததுலேர்ந்தே இப்டித்தான் கீது. எங்க வூட்டுக்காரரே பயந்துகினுதான் தாலி கட்னாரு!"

எல்லோரும் சிரித்தார்கள், சங்கரியைத் தவிர. ஸ்வாதி வெளியே சென்றதும் அவர் கேட்டார்:

"அப்போ, என் முகமும் அவளுக்குக் கோபமாத்தான் தெரியுமா மேடம்?"

"தெரியலாம். சில பேருக்கு மாத்திரையால முகம் கொஞ்சம் இறுகிப்போகும். டாக்டர்கிட்ட கேட்டு அளவை மாத்திப் பார்க்கலாம்."

"பதினோரு வருஷமா என் பொண்ணை முறைச்சே வளர்த்திருக்கேன்" என்றார் சங்கரி, அதே முகத்தோடு.

அடுத்த மாதம் மருத்துவரைப் பார்க்க அவர் வரவில்லை. கல்யாணி தொலைபேசியில் அழைத்தபோது, "நல்லா இருக்கோம் மேடம்" என்று கலகலவென்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும், மாத்திரை போடுகிறாரா என்று கல்யாணி கேட்டார்; அதற்குள் அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

யாரிடமும் சொல்லாமல் சங்கரி மாத்திரைகளை நிறுத்தியிருந்தார். சில வாரங்களில் முகம் மலர்ந்தது. பாடினார், பள்ளிக்கு மட்டம் போடச் சொல்லி மகளை மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். ஸ்வாதிக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு நான்கு இரவுகள் சங்கரி கண்மூடவில்லை. ஐந்தாம் நாள் பகலில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் நடுவே நின்று பேருந்துகளுக்குக் கையசைத்து வழிகாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மறு கையைப் பிடித்துக்கொண்டு ஸ்வாதியும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பணியிலிருந்து ஓடிவந்த லட்சுமணன் இருவரையும் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல ஆன்ட்டி!" ஸ்வாதி தாயை இறுகக் கட்டிக்கொண்டாள். "பாருங்க, சிரிக்கிறாங்க! அப்பாதான் கோவமா இருக்காரு. அவருக்கு ஊசி போடுங்க!"

லட்சுமணனின் முகத்தில் இருந்தது கோபமன்று, பயம். அதை அவளுக்கு எப்படிக் காட்டுவது என்று கல்யாணிக்குத் தெரியவில்லை. மாத்திரையைப் பற்றித் தாம் சொன்ன அந்த ஒற்றை வாக்கியத்தைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

மருத்துவர் ஊசியோடு வந்தார். ஓயாமல் பேசிக்கொண்டிருந்த சங்கரி பேச்சை விட்டுவிட்டு கல்யாணியின் மணிக்கட்டைப் பற்றினார். அவர் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"ஊசி போடுங்க மேடம், வேணாங்கல. அதுக்கு முன்னாடி அவளை வெளிய அனுப்பிடுங்க. நான் சிரிச்சிக்கிட்டு இருக்கும்போதே அவ போயிடட்டும்."