சனிக்கு நேராக உட்கார்ந்தவன்

வானத்தைக் காட்டிப் பிழைக்கிற தொழிலில் சரக்கு தீர்ந்துபோகுமே என்ற கவலை கிடையாது. பார்க்க வருகிற ஜனங்கள்தான் கவலை.

பஸ்ஸில் சில்லறை கேட்டுத் தொண்டை வறண்டவர்களே, ரேஷன் கடையில் பில் போட்டுத் திட்டு வாங்குபவர்களே, பொதுமக்களோடு மல்லுக்கட்டும் என் இனமே! நான் பட்டது உங்களுக்குத்தான் புரியும். என் வேலை இதுதான்: ப்ளோயரில் காற்றடித்தால் உப்பி எழுந்து நிற்கும் ஒரு கறுப்புக் கூடாரம். ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தால், உள்பக்கம் முழுக்க வானம் தெரியும். நடுவில் புரொஜக்டரும் மைக்குமாக நான். எல்லாரும் அதற்கு வைத்த பெயர் பலூன்.

பலூனின் முதலாளி தனசேகர் அண்ணன். விழுப்புரத்தில் பந்தல், மைக்செட் வாடகைக்கு விடுபவர். "இதுவும் ஒரு பந்தல்தானே" என்று செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டார். அதை நடத்த ஃபிசிக்ஸ் படித்த ஆள் வேண்டுமென்று தேடியபோது திண்டிவனம் பக்கத்து வேதக்காரப் பையன் ஞானப்பிரகாசம், அதாவது அடியேன், வேலையில்லாமல் கண்ணில் பட்டேன். அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மாமனார் வீட்டில் "மாப்பிள்ளை விண்வெளித் துறை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் மறுக்கவில்லை.

எங்கள் ஷோவின் கதாநாயகன் சனி. அந்த வருஷங்களில் ஒரு விண்கலம் சனிக்கே போய்ச் சேர்ந்து படம் படமாக அனுப்பிக்கொண்டிருந்தது. இன்டர்நெட்டிலிருந்து அவற்றை இறக்கி, முதல் தடவை பலூன் முழுக்க அந்த வளையத்தைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு அழகான ஒன்று யாரும் பார்க்காமல் இத்தனை காலம் அங்கே சும்மா சுற்றிக்கொண்டிருந்ததா என்று இருந்தது. ஜனங்களும் என்னைப் போலவே வாயைப் பிளப்பார்கள் என்று நினைத்தேன். பிளந்தார்கள். ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை.

நடுவில் ஒரு பாதை

கோலியனூர் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. சாயந்திரம் பெற்றோருக்காகத் தனி ஷோ. சந்திரன், செவ்வாய், வியாழன் எல்லாம் அமைதியாக முடிந்தது. "அடுத்து, சனி!" என்று மைக்கில் குரலை உயர்த்தி, எதிர்ச் சுவரில் வளையத்தோடு அதை ஏற்றினேன். "ஆ...!" என்று ஒரு பெரிய மூச்சு. அடுத்த நொடி, உட்கார்ந்திருந்த கூட்டம் அப்படியே இடது பக்கம் பாதியும் வலது பக்கம் பாதியுமாக நகர ஆரம்பித்தது. குழந்தைகளை இழுத்துக்கொண்டு, புடவையைச் சுருட்டிக்கொண்டு, ஒருவர் மடியில் ஒருவராக ஒதுங்கிவிட்டார்கள். சனியிலிருந்து என் புரொஜக்டர் வரைக்கும் நடுவில் ஈ காக்கை இல்லை. சுத்தமான ஒரு பாதை.

இருட்டில் ஜனம் இப்படி ஒதுங்கினால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தானே? "பாம்பா? பாம்பா?" என்று மைக்கிலேயே கத்திவிட்டேன். அதுவரை அமைதியாக இருந்த கூட்டம் அப்புறம்தான் எழுந்து ஓடியது. வாசல் துணியைப் பிய்த்துக்கொண்டு ஓடியதில் காற்று இறங்கி, பலூன் என் தலைமேல் மெதுவாகப் படுத்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. துணிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தவனை ஓர் அம்மா கை கொடுத்துத் தூக்கிவிட்டார். என் சட்டையைத் தட்டிவிட்டபடியே சொன்னார்:

"பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. கோயில்ல சனீஸ்வரருக்கு நேரா யாராச்சும் நிப்பாங்களா? ஓரமாத்தான் நின்னு கும்புடணும். நாங்கல்லாம் ஒதுங்கிட்டோம், நீதான் மூஞ்சிக்கு நேரா உக்காந்துக்கினு மைக்குல வேற பேசிக்கினு இருக்க!"

முதலாளியின் தீர்ப்பு

விஷயம் அண்ணன் காதுக்குப் போனது. அண்ணனுக்கு அப்போது ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை தவறாமல் எள் விளக்கு ஏற்றுகிறவர். ஷோவில் என்ன காட்டுகிறேன் என்பது அவருக்குத் தெரியும்; அதனாலேயே உள்ளே வரமாட்டார். வெளியே ப்ளோயர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஜெனரேட்டர் பெட்ரோலுக்குச் சமமாக விபூதியும் கையிருப்பில் இருக்கும்.

"ஞானம், அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துடு" என்றார். "அண்ணா, அதுக்காகத்தான் ஜனமே வருது" என்றேன். "வந்த ஜனம்தான் பிச்சிக்கினு ஓடிச்சே!" என்றார். எனக்கு எங்கிருந்து அந்த வீரம் வந்ததோ தெரியவில்லை. சனி இல்லாமல் ஷோ ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மாமனார் முகம் ஞாபகம் வந்தது. அண்ணன் முடிவாகச் சொன்னார்:

"பலூன் கிழிஞ்சா தைச்சிக்கலாம் ஞானம், நம்மளப் புடிச்சிக்கிச்சின்னா யாரு தைக்கறது? இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வரட்டும், அப்பறம் சனியும் கெடையாது, நீயும் கெடையாது."

ஆள் இல்லாத இடம்

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஷோவிலும் சனி வரும்போது, கம்ப்ளெய்ன்ட் எந்த மூலையிலிருந்து வருமோ என்று பார்ப்பேன். கண்டாச்சிபுரத்தில் சந்தை நாள். நிலக்கடலை மூட்டையை இறக்கிப்போட்டுவிட்டு விவசாயிகள் ஒரு பலூன் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். வழக்கம்போல் பாதை விட்டுத்தான் உட்கார்ந்தார்கள். நடுவில், சனிக்கு நேராக, நான் மட்டும். முன்வரிசையில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் சனியை ஓரக்கண்ணால் பார்த்தபடி, "இவ்ளோ கிட்ட போயி போட்டோ புடிச்சது யாரு?" என்று கேட்டார்.

யாரும் போகவில்லை, மெஷின்தான் போனது, அதில் ஆளே கிடையாது என்று விளக்கினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கேமராவைத் திருப்ப? பட்டனை அமுக்க? துடைக்க? எதற்கும் ஆள் இல்லை என்றேன். கம்ப்ளெய்ன்ட் வரப்போகிறது என்று நினைத்தேன். பெரியவர் பக்கத்து ஆளிடம் திரும்பி, ஊர்ப் பிரச்சினை இப்போதுதான் முழுசாகப் புரிந்ததுபோல் சொன்னார்:

"இங்க மல்லாட்டை புடுங்கத்தான் ஆளு கெடைக்கலன்னு பேஜாரு பட்டுக்கினு இருக்கோம், அங்கயும் இதே கதிதானா!"

இடுப்பில் வளையம்

திண்டிவனத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளி. அங்கே யாரும் பாதை விடமாட்டார்கள், நம் வேதக்காரர்கள்தானே என்று தெம்பாகப் போனேன். தலைமை ஆசிரியை சிஸ்டர் பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சனி வந்ததும் கைதட்டல் கூரையைத் தூக்கியது. அதோடு விட்டிருந்தால் தேவலை. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், புனிதருக்கெல்லாம் தலைக்கு மேலதான வளையம் இருக்கும்? இவருக்கு ஏன் இடுப்புல இருக்குது?" என்று கேட்டாள்.

போச்சு, இந்த முறை கம்ப்ளெய்ன்ட் என் சொந்த மதத்திலிருந்தே வரப்போகிறது என்று முடிவுகட்டினேன். பனிக்கட்டித் துண்டுகள், ஈர்ப்பு விசை என்று நான் ஆரம்பிப்பதற்குள் சிஸ்டர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அந்தப் பெண்ணைப் பார்த்து ரொம்பப் பொறுப்பாகச் சொன்னார்:

"அவருக்கு இன்னும் புனிதர் பட்டம் குடுக்கலம்மா. அதான் வளையம் பாதி தூரத்துல நிக்குது."

குருக்களின் வருகை

ஒரு நாள் விழுப்புரத்தில் ஷோ. அண்ணன் எள் விளக்கு ஏற்றும் கோயிலின் குருக்கள் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "சாமி, நீங்க எதுக்கு..." என்று இழுத்தார். குருக்கள் குனிந்து உள்ளே போய்விட்டார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் என் கணக்கு முடிந்தது என்று தெரிந்தது.

சனி வந்தது. குருக்கள் முறைப்படி ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் விளக்குப் போட்டு எல்லாரும் வெளியேறிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தரம் போடுவேளா?" என்றார். அவருக்காக மட்டும் போட்டேன். வளையத்தின் நிழல் கிரகத்தின்மேல் கோடு கோடாக விழுந்திருக்கும் படம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்து, வாசலில் காத்து நின்ற அண்ணன் தோளைத் தொட்டுச் சொன்னார்:

"தினம் நான்தான் எண்ணெய்க் காப்பு சாத்தறேன், வஸ்திரம் கட்டறேன். இத்தன அழகுன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே, தனசேகர்!"

மாவட்டத் தலைநகரம்

பிற்பாடு அந்த விண்கலம், சனிக்குப் பின்னாலிருந்து நம் பூமியையே ஒரு படம் எடுத்து அனுப்பியது. வளையத்துக்குக் கீழே கடுகு மாதிரி ஒரு நீலப் புள்ளி. "நாம எல்லாரும் அந்தப் புள்ளியிலதான் இருக்கோம்" என்று சொன்னால் எந்த ஊரிலும் ஜனம் கப்சிப் ஆகிவிடும்.

திண்டிவனத்தில் மட்டும் அப்படி ஆகவில்லை. தொண்ணூற்று மூன்றில் மாவட்டம் பிரித்தபோது தலைநகரம் தங்களுக்கு வராமல் விழுப்புரத்துக்குப் போனதை இன்னும் மறக்காத ஊர் அது. ரிட்டயர்டான ஓர் அரசு ஊழியர் எழுந்து, என் கையிலிருந்த லேசர் விளக்கை வாங்கி, அந்தப் புள்ளியைச் சுற்றிச் சுற்றித் தேடினார். தேடி முடித்து, பரம திருப்தியோடு கூட்டத்தைப் பார்த்து அறிவித்தார்:

"ஜில்லா தலைநகரம், ஜில்லா தலைநகரம்னு பீத்திக்கினாங்களே, எங்க இருக்குது விழுப்புரம்? காட்டச் சொல்லு பாப்போம்!"

பரீட்சைக்கு முன்னால்

கடைசியில் கம்ப்ளெய்ன்ட் முன்கூட்டியே வந்தது. மயிலம் பக்கத்தில் ஒரு பள்ளி. சனிப்பெயர்ச்சி முடிந்த சமயம், பொதுத்தேர்வும் நெருங்கிவிட்டது. தலைமை ஆசிரியர் அண்ணனுக்கு போன் போட்டு, "பிள்ளைங்க எழுதப்போற நேரம், அந்தக் கெரகம் மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு எத்தனை நாள் ஆசை அது! வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டு வண்டி ஓட்டினார். லேப்டாப்பில் சனியை நீக்கும்போது, இதுதான் என் கடைசி ஷோ என்று மனசுக்குள் முடிவுசெய்துவிட்டேன். மாமனாரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகையும் பார்த்துக்கொண்டேன்.

ஷோவில் வியாழனிலிருந்து நேராக யுரேனஸுக்குத் தாவினேன். பத்தாம் வகுப்புப் பெண்களிடமா அந்த வேலை நடக்கும்? "சார், ஒண்ணு வுட்டுட்டீங்க!" என்று ஒரு குரல். "சனி எங்க சார்?" என்று இருபக்கமும் கத்தல். தரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். தலைமை ஆசிரியர் வாசல் வழியாகத் தலையை மட்டும் நீட்டி அதட்டினார். முதல் வரிசையில் இருந்த ரெட்டைச் சடைப் பெண் எழுந்து நின்று, மரியாதை குறையாமல் கேட்டாள்:

"சிலபஸ்ல இருக்குதுங்க சார். கொஸ்டின் பேப்பர்ல வந்துச்சின்னா, ஓரமா நின்னுக்கினா எழுத முடியும்?"

கடைசி ஷோ

பலூன் துணி மெல்லிசு. அந்தக் கேள்வி வெளியே ஸ்டூலில் இருந்த அண்ணனுக்கும் கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு சனியை எடு என்று அவர் சொல்லவேயில்லை; நானும் வேலையை விடவில்லை. வேறு வினை வந்தது. எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. சனியை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஷோக்கள் குறைந்தன. 2017இல் அந்த விண்கலத்துக்கும் எரிபொருள் தீர்ந்தது. அதை அங்கேயே அநாதையாக அலைய விடாமல், சனிக்குள்ளேயே விழவைத்து எரித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. "மெஷினும் போச்சு, வேபாரமும் போச்சு. பலூனை வெலைக்கு கேக்கறாங்க ஞானம். நாளைக்கு ஷோதான் கடைசி" என்றார் அண்ணன். எனக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள். மாமனார் வீட்டில் நான் இன்னமும் விண்வெளித் துறைதான்.

விழுப்புரத்தில் அந்த ஷோ. விண்கலம் கடைசியாக அனுப்பிய படங்களை வரிசையாகப் போட்டேன். கிரகம் பெரிதாகிக்கொண்டே வந்து, பலூன் முழுக்க மஞ்சள் மேகமாக நிறைந்து, பிறகு இருட்டு. "அய்யோ, பாவம்" என்று இருட்டில் யாரோ சொன்னார்கள். விளக்கைப் போட்டால், நடுவில் ஜனங்கள் விட்டிருந்த பாதையில், படத்துக்கு நேர் எதிரே, சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார் அண்ணன். எப்போது உள்ளே வந்தாரோ தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் என்றில்லாமல் எல்லாருக்குமாகச் சொன்னார்:

"இன்னா பாவம்? பதிமூணு வருஷம் வுடாம அவரச் சுத்தி வந்துச்சில்ல, அதான் உள்ளயே சேத்துக்கினாரு. ஞானம், பலூனை மடிப்பு கலையாம ஜல்தியா சுருட்டு, வெல பேச வந்தா நான் ஊர்ல இல்லன்னு சொல்லு, திங்கக்கெழம கண்டாச்சிபுரம் போறோம்."

ஊரே ஒதுங்கி நின்று கும்பிடுகிற ஒருத்தர் மூஞ்சிக்கு நேராக உட்கார்ந்து, அவர் புண்ணியத்திலேயே இரண்டு பெண்களைப் படிக்கவைத்த ஆள் இந்த விழுப்புரம் ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.