குட்டைத் துப்பாக்கியும் லியோனாவின் வலது கையும்

லியோனா கோவார் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்து, சுவரில் மாட்டியிருந்த புல்பப் ரகத் துப்பாக்கியைக் காட்டி, "அத எடு டெல்பர்ட், பாப்போம்" என்று கடைக்காரனிடம் சொன்னதும், மூலையில் காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அறுபத்து நான்கு வயது விதவை துப்பாக்கி வாங்குவது எங்கள் பக்கத்தில் செய்தியே இல்லை. புல்பப் வாங்குவதுதான் செய்தி. லவாக்கா ஆற்றுப் பக்கத்தில் குடியேறிய செக் நாட்டு வம்சக் குடும்பங்களில் துப்பாக்கி என்றால் நீளமாக இருக்க வேண்டும், மரக்கட்டை போட்டிருக்க வேண்டும், தோட்டா போகும் திசை பார்த்தவுடன் தெரிய வேண்டும். இதுவோ கறுப்பு பிளாஸ்டிக்கில் குட்டையாக, கழுத்தே இல்லாமல் இருந்தது.

"அது துப்பாக்கியா? நான் சுவத்துல ஆணி அடிக்கிற மிஷினுன்னுல்ல நெனச்சேன்" என்றார் ஆர்லன் ஸ்ரூபார். லியோனாவின் வேலிக்கு அந்தப் பக்கத்து நிலம் அவருடையது.

"செஞ்சவன் மதியத்துல பீர் குடிச்சிருப்பான். விசைய முன்னாடி வச்சிட்டான், மத்ததெல்லாம் பின்னாடி போயிடுச்சு" என்றார் கூட இருந்தவர்.

"ஒங்கள யாரும் கேக்கல. காபி ஆறுது, குடிங்க" என்றாள் லியோனா.

கேலியாகச் சொன்னாலும் விசையைப் பற்றி அவர் சொன்னது தவறில்லை. புல்பப்பில் தோட்டா வெடிக்கும் இடம் தோளில் வைக்கும் கட்டைக்குள்ளேயே இருக்கும். விசை அதற்கு முன்னால். அதனால் குழல் நீளம் குறையாமலே துப்பாக்கி குட்டையாகிவிடும். கனமெல்லாம் பின்னால், தோளோடு ஒட்டிக்கொள்ளும். முன்பக்கம் இறகு மாதிரி. லியோனாவுக்கு வேண்டியது அந்தக் கடைசிச் சங்கதி மட்டும்தான். அதை அவள் கடையில் யாரிடமும் சொல்வதாக இல்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து வலது தோளைக் கெடுத்துக்கொண்டாள். கை நெஞ்சு உயரம் வரை வரும், அதற்கு மேல் ஒரு அங்குலம் போகாது. மருத்துவர் அறுவை சிகிச்சை என்றார். அவள் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். யாராவது கேட்டால், தூக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துவிட்டேன் என்பாள். தலைக்கு மேல் கை போகாததால் பின்னல் போட முடியவில்லை. கூந்தலைக் காதுக்கு மேலே வெட்டிக்கொண்டு, இதுதான் இப்போது நாகரிகம் என்றாள். தேவாலயத்தில் சமாதானம் சொல்லிக் கை குலுக்கும்போது முழங்கையை விலாவில் ஒட்டி வைத்துக்கொண்டு குலுக்கினாள். ஊர் நம்பிவிட்டது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஊர் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, மகன் கர்ட் நம்ப வேண்டும். அவன் ஹூஸ்டனில் ஏசி வேலை பார்க்கிறான், கட்டு செட்டாகக் குடும்பம் நடத்துகிறான். அப்பா எமில் போனதிலிருந்து, அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதே அவன் பாட்டு. போன வசந்தத்தில் விதைத்த சோளத்தில் பாதியைக் காட்டுப்பன்றிகள் தின்று தீர்த்தன. விதைத்த சாலிலேயே மூக்கை வைத்து, ஒரு விதை விடாமல், உழுதவனைவிட நேராக உழுதுகொண்டு போயின. கிறிஸ்துமஸுக்கு வந்த கர்ட் அதைப் பிடித்துக்கொண்டான்.

"ம்மா, ஒரே பேச்சு. வர்ற வருஷம் சோளம் மொளச்சு நின்னா நீ இங்கயே இரு, நான் வாயத் தெறக்க மாட்டேன். பன்னி தின்னுட்டா நெலத்த ஆர்லனுக்குக் குத்தகைக்கு விட்டுட்டு என்கூட வந்துடணும்."

"சரி" என்றாள். கை குலுக்கிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பத்திரம் தேவையில்லை.

ஆகவே அந்த வருஷத்துச் சோளம் வெறும் சோளம் இல்லை. அவள் எழுந்து காபி போடும் அடுப்படி, எமிலின் கல்லறைக்கு நடந்து போகும் தூரம், காலையில் நாய் குரைத்தால் எதைப் பார்த்துக் குரைக்கிறது என்று படுக்கையிலிருந்தே சொல்லும் தெளிவு, எல்லாம் அந்தச் சாலில்தான் விதையாகக் கிடந்தது. பன்றிகளுக்குக் கூண்டு வைத்துப் பார்த்தாயிற்று. ஒருமுறை மாட்டிய கூட்டம் போக, மிச்சம் இருந்தவை கூண்டைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டன. வண்டியில் போனால் சத்தம் கேட்டு ஆற்றுப் புதரில் மறைந்து, வண்டி திரும்பியதும் வந்துவிடும். மரநிழலோடு நடந்து போய், நின்றபடி சுட வேண்டும். நின்றபடி சுட வேண்டுமானால் துப்பாக்கியின் முன்பக்கத்தை ஒரு கை தாங்க வேண்டும். லியோனா இடதுகைக்காரி. இடது தோளில் கட்டை, இடது விரலில் விசை. தாங்க வேண்டியது வலது கை. அதுதான் செத்த கை. வீட்டிலிருந்த நீளத் துப்பாக்கியைத் தூக்கினால் முனை மெல்ல மெல்லத் தரையைப் பார்த்தது. இரவல் வாங்கிய லேசான ரகமும் அப்படியே.

டெல்பர்ட் புல்பப்பை எடுத்து, காலி என்று திறந்து காட்டி, அவளிடம் கொடுத்தான். அவள் இடது தோளில் வைத்தாள். வலது கையைச் சும்மா கீழே தொட்டாற்போல் வைத்தாள். முனை அசையவே இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக முதல் தடவையாக ஒரு துப்பாக்கி அவள் பார்த்த இடத்தைப் பார்த்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் மூக்கு விடைத்தது, தும்மல் வருவதுபோல் மறைத்தாள்.

"மிஸ் லியோனா" என்றான் டெல்பர்ட், மூத்த பெண்களை அழைக்கும் ஊர் மரியாதையோடு. "நான் விக்கிறவன். வேண்டாம்னு சொல்றது என் வயித்துல நானே அடிச்சுக்கிற மாதிரி. ஆனா நீங்க இடதுகை."

"பொறந்ததுலேர்ந்து இடதுகைதான். இப்பத்தான் தெரியுமா ஒனக்கு?"

"சுட்ட தோட்டாவோட கூடு வலப்பக்கமா வெளிய தெறிக்கும். சாதாரணத் துப்பாக்கில அது மூஞ்சிக்கு முன்னாடி எங்கயோ போயிடும். இதுல அந்த ஓட்ட கட்டையிலயே இருக்கு. நீங்க இடது தோள்ல வச்சா, ஒங்க கன்னம் இருக்கிற எடம் அதுதான். சூடா, பித்தள, கன்னத்துலயே வந்து அடிக்கும்."

"இடதுகைக்கு மாத்திக்கலாம்னு பையன் ஒருத்தன் சொன்னானே?"

"மாத்தலாம். அந்தப் பாகம் எங்கயும் இல்ல. சொல்லி வச்சா கோடை முடிஞ்சு வரும். கூட்டக் கீழ தள்ளுற ரகம் ஒண்ணு இருக்கு, அதோட வெலையக் கேட்டா ஒங்க டிராக்டரே அழும்."

"கோடை முடிஞ்சா பன்னி என் சோளத்துல கல்யாணம் முடிச்சிட்டுப் போயிருக்கும்."

"வலது தோள்ல வச்சுப் பழகலாமே?" என்றார் ஆர்லன், இந்த முறை கேலியில்லாமல்.

வலது தோளில் கட்டை உதைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். "இந்த வயசுல கைய மாத்தினா தேவாலயத்துல சிலுவை போடும்போது மூக்குல குத்திக்குவேன்" என்று சொல்லித் தப்பித்தாள்.

கடைக்குப் பின்னால் மண்மேட்டில் இரும்புத் தகடு நட்டு வைத்திருந்தான் டெல்பர்ட். வாங்குபவர்கள் சுட்டுப் பார்க்கலாம். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வேடிக்கைக்கு வந்தார்கள். அவள் சுட்டாள். விசை சேற்றில் கால் வைத்தாற்போல் கொழகொழவென்று போனது, அது ஒரு குறை. வெடிச்சத்தம் காதருகிலேயே கேட்டது, அது இன்னொரு குறை. தகடு ணங்கென்றது. அதே நொடியில் இடது தாடைக்கு மேலே சுரீரென்றது. யாரோ இஸ்திரிப்பெட்டியின் நுனியைத் தொட்டு எடுத்தாற்போல் இருந்தது. அவள் கண்ணை மூடவில்லை. மறுபடி சுட்டாள், மறுபடியும். தகடு ஒவ்வொரு முறையும் ணங்கென்றது. கன்னம் ஒவ்வொரு முறையும் சுரீரென்றது.

"போதும் மிஸ் லியோனா, போதும்" என்றான் டெல்பர்ட். "அடுப்பத் தொட்ட மாதிரி செவந்துடுச்சு. இத நான் ஒங்களுக்கு வித்தா என் பொண்டாட்டி என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டா."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று கிளம்பினாள்.

யோசித்தாள். விதைக்கும் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு டிராக்டரில் போகும்போதெல்லாம் யோசித்தாள். கன்னத்தில் துணி கட்டிப் பார்க்கலாம், ஆனால் கட்டினால் குறிபார்க்கும் கண் மறைகிறது. கிளம்பும்போது டெல்பர்ட் சொன்னபடி, கூடு தெறிக்கும் ஓட்டையருகே தடுப்புத் தகடு ஒட்டிப் பார்க்கலாம், ஆனால் அது இரண்டாவது சூட்டிலேயே பறந்துவிடும் என்று அவனே சொன்னான். ஊர் சிரிக்கும். ஊர் எதற்குத்தான் சிரிக்கவில்லை. கடைசியில் எல்லா யோசனையும் சுருங்கி ஒன்றாகிவிட்டது. ஒரு பக்கம் கன்னம், மறுபக்கம் வீடு. அறுபத்து நான்கு வயதில் கன்னத்தை வைத்துக்கொண்டு யாரை மயக்கப்போகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. விதைத்து முடித்த மறுநாள் போய் வாங்கி வந்தாள்.

அடுத்து வந்த விடியல்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பனியில் நனைந்த பூட்சுடன் மரநிழலோடு நடந்தாள். பன்றிகள் சாலில் தலை கவிழ்த்திருந்தன. சுட்டாள். சில விழுந்தன, மற்றவை ஆற்றைப் பார்த்து ஓடின. கன்னம் வெந்தது. வீட்டுக்கு வந்து கற்றாழையைக் கீறித் தடவிக்கொண்டாள். திரும்பத் திரும்ப இதே கதை. பிறகு பன்றிகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு யாருடைய வயிற்றெரிச்சலையோ தேடிப் போய்விட்டன. சோளம் முளைத்தது. கணுக்கால் உயரம் வந்தது. வரிசை எங்கும் அறுபடவில்லை.

கர்ட் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து, பிறகு சாப்பிட வந்தான். ஞாயிறு வழக்கப்படி நூடுல்ஸ் சூப், பிறகு வறுத்த கறி. ஸ்பூனை வாயருகே கொண்டு போனவன் நிறுத்தினான்.

"கன்னத்துல என்ன?"

"பேக்கன் வறுத்தேன். கொழுப்பு தெறிச்சிடுச்சு."

"பேக்கன் கொழுப்பு பிறை பிறையா தெறிக்குதா?"

அவள் சூப்பைப் பார்த்தாள். அந்த ஊரில் வளர்ந்தவனுக்குத் தோட்டாக்கூட்டின் விளிம்பு எப்படி இருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

"எங்க வச்சிருக்க?"

கதவுக்குப் பின்னால் என்று முகவாயால் காட்டினாள். அவன் எடுத்து வந்தான். தோட்டாப் பெட்டியைக் கழற்றி, உள்ளே காலியா என்று பார்த்துவிட்டு, இடது தோளில் வைத்தான். வலது கையை எடுத்துவிட்டான். முனை நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு இறக்கி மேசையோரம் சாய்த்து வைத்தான்.

லியோனாவுக்குத் தாங்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "சொல்லு. கை போச்சு, இனி இவளால முடியாதுன்னு சொல்லு. அதுக்குத்தான காத்துட்டிருந்த?"

"கை போயி ஒண்ணர வருஷம் ஆச்சும்மா. எனக்குத் தெரியாதா?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஒன்னைய எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்டா கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். வேலியோரம் நின்று சோளத்தைப் பார்த்தான். கடைசி வரிசை வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினான். அதுவரை அவள் அடுப்படியில் கழுவிய தட்டையே கழுவிக்கொண்டிருந்தாள்.

"நிக்குது" என்றான் வாசலிலிருந்தே. "நல்லாவே நிக்குது. பேச்சுன்னா பேச்சு. நீ இங்கயே இரு."

ஜெயித்துவிட்டாள். கை உயர்ந்திருந்தால் உயர்த்தியிருப்பாள். பழம் வைத்துச் சுட்ட கொலாச்சே பன்களைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, வண்டி வரைக்கும் கூடவே நடந்தாள். அவன் கதவைத் திறந்துவிட்டு, சாவியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எங்க வீட்டுல ஒனக்குன்னு விட்ட ரூம்ல அலமாரித் தட்ட எல்லாம் இடுப்பு ஒசரத்துக்கு எறக்கி வச்சிருந்தேன். குளிக்கிற எடத்துல ஷவரையும் கீழ எறக்கி, கைல புடிச்சுக்கிற மாதிரி பண்ணேன். கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே. பரவால்ல, பசங்க ஏதாச்சும் வச்சுக்கட்டும்."

ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். லியோனா அங்கேயே நின்றாள். நிலத்தைக் கைமாற்றப் பார்க்கிறான், தன்னை ஒரு மூலையில் உட்கார வைக்கப் பார்க்கிறான் என்று இத்தனை மாதம் அவனோடு மனதுக்குள் சண்டை போட்டிருக்கிறாள். இவனிடமிருந்து கையை ஒளிக்கத்தான் தேவாலயத்தில் முழங்கையை ஒட்டிக்கொண்டாள், கன்னத்தைச் சுட்டுக்கொண்டாள். அவனோ அந்தக் கை எட்டும் உயரத்தை அளந்து தட்டை இறக்கியிருக்கிறான். வந்தது ஆத்திரமா, வெட்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

வண்டி கேட்டருகே போயிருந்தது.

"கர்ட்!"

அவன் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான். அவள் நடந்து போய், கண்ணாடி விளிம்பில் இடது கையை வைத்துக்கொண்டாள்.

"அந்தத் தட்ட மேல ஏத்திடாத" என்றாள். "அப்படியே கெடக்கட்டும்."