எதிர்காலத்திலிருந்து ஒரு ரிங்

பத்து வயதில் நான் என்னையே கொலை செய்துவிட்டதாக முழுமனதோடு நம்பினேன். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. தொலைபேசியை எடுத்து "ஹலோ" என்றேன், அவ்வளவுதான். செத்துப்போனவன் அதன் பிறகும் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய்வந்தேன், கணக்கில் வழக்கம்போலக் குறைவாக மார்க் வாங்கினேன் என்பதெல்லாம் வேறு விஷயம்.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம் என் மகள். எனக்கு இரவாகும்போது அவளுக்கு விடியும் தேசத்தில் இருக்கிறாள். வேற்றுக்கிரகவாசிகள் ஏன் இன்னும் நம்மோடு பேசவில்லை என்று யாரோ விளக்கும் வீடியோ ஒன்றைப் போன வாரம் அனுப்பியிருந்தாள். டெல்லி துவாரகாவில் ஒன்பதாவது மாடியில், தலைக்கு மேல் விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டு போகும் சத்தத்துக்கு நடுவே, அதை முழுவதும் பார்த்தேன். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன். அவளும் ஒரு கட்டைவிரல் அனுப்பினாள். வேற்றுக்கிரகவாசிகளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அந்தப் பத்து வயதில் நாங்கள் இதே டெல்லியில், ஆர்.கே.புரத்தில் அரசு குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு அமைச்சகத்தில் குமாஸ்தா. மதியம் பள்ளிவிட்டு வந்து, கழுத்தில் நாடாவில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்து, எவர்சில்வர் டப்பாவில் இருக்கும் தயிர்சாதத்தைத் தின்றுவிட்டால், அதன் பிறகு அவர்கள் வரும்வரை வீட்டில் நான், சுவர்க்கடிகாரம், தொலைபேசி. இதில் கடிகாரம் மட்டும்தான் பேசும்.

தொலைபேசிக்கு அம்மா பூட்டுப் போட்டிருந்தாள். டயலில் எண்ணைச் சுற்ற முடியாதபடி ஒரு குட்டிப் பித்தளைப் பூட்டு; அதன் சாவி அவளுடைய கைப்பையில். யாராவது கூப்பிட்டால் நான் எடுக்கலாம், நானாக யாரையும் கூப்பிட முடியாது. அதிலும் எங்கள் வீட்டில் போன் என்பது எடுப்பதற்கானதாக இல்லை, எண்ணுவதற்கானதாக இருந்தது. எடுத்தால்தானே காசு? அதனால் ஒரு ரிங் அடித்து நின்றால் "பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயிற்று" என்று அர்த்தம். இரண்டு என்றால் "லேட்டாகும்." அதற்கு மேலும் அடித்தால்தான் எடுக்க வேண்டும். விருந்தாளிகளையும் இப்படியே பழக்கியிருந்தோம். இரவு சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களிடம் அப்பா வாசலில் நின்று, "வீட்டுக்குப் போனதும் ஒரு ரிங் குடுங்க" என்பார். அந்த ஒரு ரிங் வரும்வரை படுக்க மாட்டார். அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய காசை அவர் ஏமாற்றிய ஒரே வழி இதுதான்.

அந்தத் தனிமைக்கு நடுவில் சில மாதங்கள் எனக்குத் துணையாக வந்தவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி. திருநெல்வேலியில் சும்மா இருந்தவரை அப்பா டெல்லிக்கு வரவழைத்து, தன் மேலதிகாரி முன்னால் கைகட்டி நின்று, தற்காலிகமாக ஒரு வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். சித்தப்பா அந்த வேலைக்குப் போனதைவிட மட்டம் போட்ட நாட்கள் அதிகம். என் அறையில் மடக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வயிற்றின் மேல் ஒரு ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசுவார். தூக்கத்திலும் பேசுவார்.

"ஏல, வேற கிரகத்துல ஆள் இருக்கான். கட்டாயம் இருக்கான். பின்ன ஏன் பேச மாட்டேங்கான், சொல்லு?"

"நம்ம பாஷை தெரியாது."

"கோட்டிப் பயலே. அவனும் காதை வச்சிக் கேட்டுக்கிட்டுதான் இருக்கான், நாமளும் கேட்டுக்கிட்டுதான் இருக்கோம். எல்லாவனும் கேக்கான். எவனும் மொதல்ல வாயத் தொறக்க மாட்டேங்கான். அம்புட்டுதான் விஷயம்."

காலத்தில் பின்னால் போவது பற்றியும் அவருக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. போகலாம், ஆனால் யாரோடும் பேசக் கூடாது. "நீ பாட்டுக்கு அந்தக் காலத்துக்குப் போயி, ஒங்க தாத்தாவ ரோட்டுல நிறுத்தி, மணி என்னன்னு கேக்கேன்னு வையி. அவிய பஸ்ஸை விட்டுருவாவ. பஸ்ஸை விட்டா ஒங்க ஆச்சியப் பாத்திருக்க மாட்டாவ. ஒங்கப்பாவும் இல்ல, நானும் இல்ல, நீயும் இல்ல."

"ஆச்சிய தாத்தா பொண்ணு பாத்துதானே கட்டிக்கிட்டாங்க?"

"பொண்ணு பாக்க பஸ்லதானல போனாவ?"

இந்த வாதத்தில் இன்றுவரை என்னால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

குளிர் தொடங்கிய சமயத்தில் ஒருநாள் இரவு, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல் உயர்ந்தது. சித்தப்பா வேலையை விட்டுவிட்டார் என்பது புரிந்தது. "ரேடியோ ரிப்பேர் பண்ணவால ஒன்ன இங்க கூப்பிட்டேன்? அந்த ஆபீசர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" பிறகு சித்தப்பா ஏதோ சொன்னார். அப்புறம் அப்பா, இரைந்து அல்ல, மெதுவாக: "இனிமே ஒன் குரல் இந்த வீட்டுல கேக்கப்பிடாது."

காலையில் மடக்குக் கட்டில் மடங்கிக் கிடந்தது. "சித்தப்பா ஊருக்குப் போயிருக்கான்" என்றாள் அம்மா, சப்பாத்தியைத் திருப்பிப் போட்டபடி.

ரிங் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மதியம் மூன்று மணிவாக்கில் ஒரே ஒரு ரிங். நின்றுவிடும். மறுநாளும் அதே நேரம், அதே ஒன்று. ஒரு ரிங் என்றால் யாரோ பத்திரமாகச் சேர்ந்திருக்கிறார்கள். அப்பா அலுவலகம் போய்ச் சேர்ந்து நாலைந்து மணி நேரமாயிற்று. அம்மாவும் அப்படியே. அப்படியென்றால் தினமும் மூன்று மணிக்கு வந்து சேர்வது யார்? எங்கே வந்து சேர்கிறார்கள்?

சித்தப்பாவாக இருக்குமோ என்று தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது, உடனே தள்ளிவிட்டேன். சித்தப்பா போன் செய்துவிட்டுப் பேசாமல் இருக்கும் சாத்தியத்தைவிட, செவ்வாய் கிரகத்தார் பேசாமல் இருக்கும் சாத்தியம் எனக்கு நியாயமாகப் பட்டது.

ஆனால் செவ்வாய்க்காரனுக்கு எங்கள் வீட்டு ரிங் கணக்கு எப்படித் தெரியும்? அது வீட்டு ஆளுக்கு மட்டுமே தெரிந்தது. வீட்டு ஆள், ஆனால் வீட்டில் இல்லாத ஆள். எங்கிருந்தோ வந்து சேர்கிற ஆள். பேசவே கூடாத ஆள். தயிர்சாத டப்பா எதிரில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பளிச்சென்று விளங்கியது. அது நான். பெரியவனாகி, காலத்தில் பின்னால் வந்து, "பத்திரமா வந்துட்டேன்ல" என்று எனக்குத் தெரிவிக்கிறேன். பேசினால் பிரபஞ்சம் குழம்பிவிடும் என்பதால் ஒரு ரிங்கோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அதன் பிறகு மதியங்கள் அவ்வளவு நீளமாக இல்லை. மூன்று மணிக்கு ஒருவர் என்னை நினைக்கிறார். அவர் நானேதான் என்பதில் கொஞ்சம் ஏமாற்றம் உண்டு. இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு அது தேவலை.

ஒருநாள் சாப்பிடும்போது, விஞ்ஞான விளக்கத்தை மறைத்துவிட்டு, தகவலை மட்டும் சொன்னேன். தினமும் ஒரு ரிங் வருகிறது என்று. அப்பாவின் கை தட்டில் நின்றது.

"எத்தன ரிங்?"

"ஒண்ணுதான்."

"நீ எடுக்கலியே?"

"இல்ல."

"எடுக்காத."

மறுநாள் மாலை அலுவலகத்திலிருந்து வந்து, ஷூ நாடாவை அவிழ்க்கக் குனிந்தபடியே கேட்டார்: "வந்துச்சா?"

"வந்துச்சு."

"ம்."

அதன் பிறகு தினமும் இதே உரையாடல். என் படிப்பு, என் சளி, என் கிழிந்த கால்சட்டை எதைப் பற்றியும் கேட்காத மனிதர், என் ஆராய்ச்சியில் மட்டும் இவ்வளவு அக்கறை காட்டுவது எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவும் வேற்றுக்கிரக விஷயங்களில் ஈடுபாடு உள்ளவர்தான், வெளியே காட்டிக்கொள்வதில்லை என்று முடிவு செய்தேன்.

ஜனவரியில் ஒரு மதியம். வெளியே பனிமூட்டத்தில் எதிர் பிளாக்கே தெரியவில்லை. உலகத்தில் நான் மட்டும் மிச்சம் என்பதுபோல ஒரு நிசப்தம். எனக்கு யாருடனாவது பேச வேண்டும்போல இருந்தது. காரணம் அவ்வளவுதான், அதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை. ரிசீவரின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மணி அடிக்கத் தொடங்கியதுமே எடுத்துவிட்டேன்.

"ஹலோ."

காதில் ஹாரன் சத்தம், யாரோ இந்தியில் கூவி விற்கும் சத்தம். எதிர்காலத்திலும் டெல்லி திருந்தவில்லை என்று குறித்துக்கொண்டேன்.

"நீங்க... நான்தானே?" என்றேன்.

மறுமுனையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கு வருஷம் முழுக்கச் சளி. ஆகவே அது நான்தான் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று. பிறகு இணைப்பு அறுந்தது.

அதற்கப்புறம்தான் உறைத்தது. பேசிவிட்டேனே! பேசக் கூடாது என்ற ஒரே விதியை மீறிவிட்டேனே! தாத்தாவின் பஸ் புறப்பட்டுவிட்டது. நான் கையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பனி நாளில் எல்லாமே மங்கலாகத் தெரியும் என்பது நினைவில்லை. கை மங்குகிறது என்று தீர்மானித்துவிட்டேன். படிகளில் இறங்கி ஓடி, கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியின் கதவைத் தட்டி, நான் கண்ணுக்குத் தெரிகிறேனா என்று இந்தியில் கேட்டேன்.

ஆன்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாகல் ஹை க்யா? ஸ்வெட்டர் கஹான் ஹை தேரா?" என்றார். அழிந்துகொண்டிருப்பவனைப் பார்த்து, பைத்தியமா, ஸ்வெட்டர் எங்கே என்று கேட்கிற ஒரே நகரம் டெல்லிதான்.

மறுநாள் மூன்று மணிக்கு ரிங் வரவில்லை.

மாலையில் அப்பா குனிந்து, "வந்துச்சா?" என்றார்.

"வரல."

ஷூ நாடாவில் அவர் விரல்கள் நின்றன. "சரியாக் கேட்டியா? வெளிய வெளையாடப் போனியா?"

"வீட்லயேதான் இருந்தேன்."

அடுத்த நாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும். நான் பெரியவனாகப் போவதில்லை என்பது உறுதியாயிற்று. எதிர்காலத்தில் இருந்த ஒரே ஒரு என்னை, ஒரு ஹலோவால் ஒழித்துவிட்டேன். யாரிடம் சொல்ல? போனுக்குப் பூட்டு. அம்மாவிடம் சொன்னால் விபூதி பூசிவிட்டு, ரசம் வைப்பாள். முருகன் கோயிலான மலை மந்திர் இருந்த திசையைப் பார்த்து, முருகா, எனக்கு ஒரே ஒரு ரிங் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஆச்சரியம், அப்பாவும் சாப்பிடவில்லை. தட்டில் கோலம் போட்டார். "ஏங்க, ஒடம்புக்கு என்ன?" என்று அம்மா கேட்டதும் கைகழுவ எழுந்துவிட்டார். மறுநாள் மாலை அலுவலகத்திலிருந்து வந்தவர் ஷூவையே கழற்றவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. மஃப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு, "ஒரு நடை போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

அவர் திரும்பியபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. மீசையில் பனி. கையில் காகிதப் பொட்டலம், அதில் வறுத்த வேர்க்கடலை. வெளியில் எதையும் வாங்கித் தின்னாதவர், எங்களையும் தின்னவிடாதவர், அதை என் முன்னால் வைத்தார். தூக்கில் போடுவதற்கு முன்னால் ஆசைப்பட்டதைக் கொடுப்பார்களாமே.

நான் உரித்துத் தின்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்பா சொன்னார்: "நாளைக்கு வரும்ல."

"எது?"

"ரிங். வந்தா எடுக்காத."

"ஏம்ப்பா?"

அவர் ஒரு கடலையை எடுத்து, உரிக்காமல் கையில் வைத்து உருட்டினார். "எடுத்தா ஏதாவது பேசணும்லா" என்றார்.

மறுநாள் மூன்று மணிக்கு ரிங் வந்தது. ஒன்று. நின்றது. நான் எடுக்கவில்லை. கட்டிலில் ஏறிக் குதித்தேன். நான் பெரியவனாவேன், மீசை வைப்பேன், எங்கிருந்தாவது எனக்கே போன் செய்வேன். காலத்தின் கோளாறையே ஒரு மாலை நடையில் சரிசெய்துவிட்டு, கடலையோடு திரும்பிய அப்பாவின் சக்தியை எண்ணி வியந்தேன். அது அலுவலகத்தில் கற்றுக்கொண்டதாக இருக்கும் என்று நினைத்தேன்.

பிற்காலத்தில் அண்ணனும் தம்பியும் கல்யாண வீடுகளில் சந்தித்து, "சாப்ட்டியா", "ஆச்சு" என்ற அளவுக்குப் பேசிக்கொண்டார்கள். அப்பா போன பிறகுதான் சித்தப்பா என்னிடம் வாய்திறந்தார். "குரல்தான கேக்கப்பிடாதுன்னாவ? மணி கேக்கலாம்லா" என்றார். "நீ எடுத்துட்டியேல. இன்னொரு தரம் எடுத்தா நான் பேசிப்புடுவேன், அண்ணன் ஒன்ன ஏசுவாவ. அதான் விட்டுட்டேன்."

நடந்தது இதுதான். சித்தப்பா ஊருக்குப் போகவில்லை. கரோல் பாக்கில், அப்பாவுக்கும் தெரிந்த ஒரு ரேடியோக் கடையில் சேர்ந்து, மதியம் கடையில் கூட்டம் குறையும் நேரத்தில் பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து தினமும் ஒரு ரிங் கொடுத்துக்கொண்டிருந்தார். அது நின்ற நாலாம் நாள் அப்பா பஸ் ஏறிப் போய், அந்தக் கடைக்கு எதிர்ப்புறம் நின்றார். உள்ளே சித்தப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி ரேடியோவின் மேல் குனிந்துகொண்டார். அப்பா சாலையைக் கடக்கவில்லை. அங்கே வெறுமனே நிற்க முடியாமல், பக்கத்து வண்டியில் ஒரு பொட்டலம் கடலை வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்.