இனாமுல் ஹசன் வாங்கிய கடை

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஆட்டோவை விட்டு இறங்கி, 'ஹாங்காங்காரர் பரோட்டாக் கடை எது?' என்று கேட்டால் யாரும் கையைக் காட்டிவிடுவார்கள். கடைக்குள் போய் ஹாங்காங்கைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. பரோட்டா, சால்னா, சாயங்காலம் கோழி சூப், அவ்வளவுதான். ஹாங்காங் இருப்பது கடைக்காரன் இனாமுல் ஹசனின் வாயில். கோபம் வந்தால் தோசைக்கல்லில் கரண்டியைத் தட்டிக்கொண்டு கான்டனீஸ் மொழியில் வைவான். வசவு வாங்குகிறவருக்குப் புரியாது என்பதால் இதுவரை கைகலப்பு வந்ததில்லை.

அவனுடைய வாப்பா ஜெய்னுலாபுதீன் ஆயுசு முழுக்க அடுத்தவர் கடையில் மாவு பிசைந்து போய்ச் சேர்ந்தவர். மகன் மட்டும் என்ன கிழித்தான்? அதே மாவைக் கடல் தாண்டிப் போய்ப் பிசைந்தான். ஹாங்காங்கில் ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடை, சமையல்கட்டில் வேலை. சந்தைக்குப் போக வர இருந்ததில் கான்டனீஸ் தானாக ஒட்டிக்கொண்டது. அது பொல்லாத மொழி. ஒரே சொல்லை ஆறு ராகத்தில் பாடலாம், ராகம் பிசகினால் பொருளும் பிசகிவிடும். 'தோங்' என்று குரலை உயரத்தில் நீட்டினால் சூப், கீழே இறக்கினால் சர்க்கரை. போன புதிதில் சர்க்கரை வாங்கப் போய்ச் சூப்போடு திரும்பி வந்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

யூனி அவன் வாழ்க்கையில் வந்ததும் ஒரு சொல்லால்தான். இந்தோனேசியாவில் ஜாவாத் தீவுக்காரி. ஒரு சீனர் வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சுக்குப் பேச்சு 'சாயா, சாயா' என்றாள். மலையாளிச் சமையல்காரர்களோடு குப்பை கொட்டியவனுக்குச் சாயா என்றால் தேநீர். கொண்டுபோய் வைத்தான். அவள் மறுபடி சொன்னாள். மறுபடி வைத்தான். மேசை நிறைந்த பிறகுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் மொழியில் சாயா என்றால் 'நான்'. அதை அவள் கான்டனீஸில் விளக்க, அவன் கான்டனீஸில் அசடு வழிய, ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத மொழியில் காதல் தொடங்கியது.

இந்தோனேசிய மொழியில் ராகத் தொல்லை கிடையாது. அழுதுகொண்டு சொன்னாலும் சிரித்துக்கொண்டு சொன்னாலும் சொல் மாறாது. போதாக்குறைக்குப் பாதி நம்ம வீட்டுச் சாமான் மாதிரி இருக்கும். பெட்டிக்குப் 'பெத்தி', கப்பலுக்குக் 'காப்பல்', கடைக்குக் 'கெடாய்'. இன்னொன்றும் உண்டு. கான்டனீஸில் 'நாம்' என்றாலும் 'நாங்கள்' என்றாலும் ஒரே சொல். யூனியின் மொழியில் தமிழைப் போலவே ரெண்டு: கேட்கிறவரைச் சேர்த்துக்கொண்டால் ஒன்று, விட்டுவிட்டால் இன்னொன்று. கித்தா, காமி. எது எது என்பதுதான் இனாமுலின் மண்டையில் தங்காது. கான்டனீஸ் இருக்கிறதே, இது எதற்கு என்று படிக்காமலே விட்டுவிட்டான். சோம்பேறி.

வேலை ஒப்பந்தம் முடிந்து அவள் ஜாவாவுக்கும் இவன் காரைக்குடிக்கும் திரும்பினார்கள். நிக்காஹ்வுக்கு அவளுக்குச் சம்மதம். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். இத்தனை வருஷம் ஊரார் அடுப்பில் நின்றாயிற்று, இனி நிற்கிற அடுப்பு சொந்த அடுப்பாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வருவேன் என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. இனாமுல் வாடகைக்குக் கடை பிடித்து மாடாக உழைத்தான். இடத்துக்காரர் ராமநாதன் மகள் வீட்டோடு சென்னைக்குப் போக முடிவெடுத்தபோது, கடையை அவனுக்கே விலைக்குக் கொடுத்தார்.

பத்திர ஆபீஸ் வாசலில் நின்றபடியே யூனிக்குப் போன் போட்டான். கடையை வாங்கிவிட்டேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே. கான்டனீஸில் வாங்குவதற்கு 'மாய்'. விற்பதற்கும் 'மாய்'. கீழிருந்து குரலை ஏற்றினால் வாங்குவது, ஏற்றாமல் கிடத்தினால் விற்பது. அந்த நேரம் பார்த்து அவனுக்கு வாப்பாவின் ஞாபகம் வந்தது. தொண்டை அடைத்தது. குரல் ஏறவில்லை.

'சரி' என்று ஒற்றைச் சொல் சொல்லி யூனி போனை வைத்துவிட்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டு இந்த அப்பாவி தெரு முழுக்க லட்டு கொடுத்தான்.

அதற்குப் பிறகு அவள் போனை எடுக்கவே இல்லை. பரோட்டா கருகியது. சால்னாவில் உப்பு ஒரு நாள் ஏறியது, ஒரு நாள் இல்லவே இல்லை. பொறுக்க மாட்டாமல் தங்கை ஹஸ்னா கடைக்கே வந்துவிட்டாள்.

"மதினிகிட்ட என்னண்ணே சொன்னீக?"

"கடைய வாங்கிட்டேன்னுதான் சொன்னேன்."

"எப்பிடிச் சொன்னீக? அந்தப் பாஷையிலேயே சொல்லுங்க, கேப்போம்."

சொன்னான். பிறகு அன்றைக்கு வாசலில் நின்று சொன்ன மாதிரியே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். சொன்ன வாய் மூடவில்லை.

"ரெண்டும் ஒண்ணாத்தானண்ணே இருக்கு?"

"ஒனக்கு ஒண்ணுதான். அவளுக்கு நான் கடைய வித்துட்டேன்."

ஹஸ்னா தலையில் கை வைத்தாள். "கெடுத்தீக போங்க. இவரு நடத்துன கடையையும் வித்துட்டு மறுபடி ஊரான் அடுப்புக்குக் கெளம்பிட்டாருன்னு நெனச்சிருப்பாக. எழுதியாச்சும் அனுப்புங்க."

குரலைப் பதிந்து அனுப்ப இனி அவனுக்குத் துணிச்சல் இல்லை. எதை எழுதுவது? ரெண்டு பேருக்கும் சீன எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதினால் ரெண்டு மாயும் ஒரே மாய்தான். படம் எடுத்து அனுப்பலாமென்றால், விற்ற கடைக்கும் அதே ஷட்டர்தான். இனாமுல் பரோட்டா மேசையில் உட்கார்ந்தான். வேண்டாமென்று ஒதுக்கிய மொழியில் அவள் எப்போதோ சந்தையில் சொல்லிக் கொடுத்த சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். இல்லை என்பதற்குப் 'புக்கான்'. வாங்க 'பெலி', விற்க 'ஜுவால்'. நல்லவேளை, ரெண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வாட்ஸப்பில் தட்டினான்.

'சாயா பெலி கெடாய். புக்கான் ஜுவால். கெடாய் காமி.'

நீல டிக் விழுந்தது. அவள் எதையோ எழுதுவது தெரிந்தது, நின்றது, மறுபடி எழுதினாள். இனாமுல் துஆ ஓதிக்கொண்டே இருந்தான். கடைசியில் வந்தது ஒரே வரி.

'புக்கான் காமி. கித்தா.'

ஹஸ்னா அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, கோவமா இருக்காகளா?"

"நான் தப்பாப் போட்டுட்டேன். 'எங்க கடை'ன்னு போட்டுட்டேன். அதத் திருத்துறா."

தொண்டை மறுபடியும் அடைத்தது. தமிழில் அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

"'நம்ம கடை'யாம்."